ஐந்து கட்டுப் போட்ட குழந்தை

மங்கோலியா முழுக்கத் தேடினாலும் தாரிமா அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்க மாட்டார். எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைகளைக் குளிருக்குச் சுற்றிக் கட்டி வீட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. இருபத்தாறு வருஷம் ஒரே வேலையைச் செய்தால் கை தானாக ஓடும் என்பார்கள். அவருக்கு ஒவ்வொரு தடவையும் விரல் நடுங்கும். முதலில் பழைய பருத்தித் துணி, பிறகு கம்பளி, அதன் மேல் ஆட்டுக்குட்டித் தோல், மூன்று கட்டு. மைனஸ் நாற்பதிலும் அவ்வளவுதான். முடித்ததும் குழந்தையின் பிடரிப் பக்கம் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். “கஞ்சப் பிசினாறி, இன்னொரு துணி போட்டா இவ வீட்டுச் சொத்தா குறைஞ்சிடும்?” என்று மாமியார்கள் ஏசுவார்கள். ஆஸ்பத்திரி வேன் ஓட்டுகிற நானும் அதைக் கேட்டுச் சிரித்தவன்தான்.

அந்த ஜனவரியில் மியாக்மர் என்ற ஆடு மேய்ப்பவன் தன் மனைவி நரங்குவாவையும் நான்கு நாள் மகனையும் அழைத்துப் போக வந்தான். ஆறு வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளை. எண்பது கிலோமீட்டர் தாண்டி அவர்களுடைய குளிர்காலக் கூடாரம். நரங்குவா பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் குழந்தையை மூலைக்குத் தூக்கிப் போய், தான் கொண்டுவந்த ஓநாய்த் தோலை மேலே சுற்றி, இன்னும் இரண்டு கட்டுப் போட்டு, முகத்தையும் சால்வையால் மூடிவிட்டான். நானும் என் பங்குக்கு வேனில் சூட்டை முழுசாகத் திறந்து வைத்திருந்தேன்.

வழியனுப்ப வாசலுக்கு வந்த அக்காவின் கண்ணில் ஐந்து கட்டும் பட்டது. போட்டிருந்த வீட்டுச் செருப்போடு ஓடிவந்து வேனுக்குள் ஏறிவிட்டார்.

“தம்பி மியாக்மர், மேல இருக்கறதை மட்டும் எடுத்துடுப்பா.”

“வெளியே பாருங்கக்கா, துப்பினா கல்லா விழுது. வீட்டு அடுப்பு முன்னாடிதான் பிரிப்பேன்.”

“முகமாவது திறந்திருக்கட்டும். கெஞ்சிக் கேட்கறேன்.”

“வழியில எவன் கண்ணாவது பட்டா?”

நானும் சும்மா இருக்கவில்லை. “அக்கா, குழந்தை தூங்குது. நீங்களும் கொஞ்சம் தூங்குங்க, எங்க மூணு பேருக்கும் நிம்மதி.”

முப்பது கிலோமீட்டர் போயிருப்போம். அங்கியைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு ஓட்டினேன், அப்படியும் முதுகு நனைந்திருந்தது. அப்போது நரங்குவா மெதுவாகக் கேட்டாள்.

“எனக்குப் பால் கட்டி வலிக்குது. அவன் ஏன் இன்னும் அழலை?”

கண்ணாடியில் பார்த்தேன். மியாக்மர் மூட்டையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான்.

“நிறுத்துடா வண்டியை!”

அக்கா கத்தி நான் கேட்டதே இல்லை. “என்ஜினை அணைச்சிடாதே, சூட்டை மட்டும் நிறுத்து.” மியாக்மரின் கையிலிருந்து மூட்டையைப் பிடுங்கினார். அவன் தடுத்தான். அந்தப் பயந்தாங்கொள்ளி அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தார். முடிச்சுகள் இறுகிக் கிடந்தன. என் கத்தியை வாங்கி ஐந்தையும் அறுத்தார்.

குழந்தை நெருப்பாகச் சிவந்திருந்தது. கண் படாமலிருக்க நெற்றியில் பூசிய கரி வேர்வையில் கரைந்து காது வரைக்கும் ஓடியிருந்தது. துணியெல்லாம் தொப்பலாக ஈரம். கை கால் துவண்டு தொங்கின. நரங்குவா வாயைப் பொத்திக்கொண்டாள். வேனுக்குள் எங்கள் மூச்சு புகைய ஆரம்பித்துவிட்டது, இந்த ஈரத்தோடு குளிர் பிடித்தால் அதுவே போதும். அக்கா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவனைத் துடைத்தார், உள்ளங்காலைத் தேய்த்தார், சுண்டினார். “அழுடா, என் ராசா, திட்டியாவது அழுடா,” என்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெரிந்த மந்திரம் எல்லாம் சொன்னேன், பாதி தப்பு.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒரு வீறல்.

அக்கா அவனை வெற்றுடம்போடு நரங்குவாவின் அங்கிக்குள், மார்போடு மார்பாக நுழைத்து, முகம் மட்டும் வெளியே தெரிய விட்டார். பிறகு மியாக்மர் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கோ. குளிர் இல்ல, நீ போட்ட தோல்தான் இவனைக் கொல்லப் பார்த்தது. நீதான்.” அவன் வீடு போய்ச் சேரும்வரை குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கே பொறுக்கவில்லை.

திரும்பும் வழியில் கேட்டேன். “ஆசையில செஞ்சுட்டான். அவ்வளவு கடுமையா சொல்லணுமாக்கா?”

அக்கா கரி படிந்த கம்பளிச் சட்டையை மடியில் மடித்து வைத்தார்.

“என் மூத்த பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்ப, எங்க வீட்டுக்காரர் தன்னோட அங்கியைக் கழட்டி அவ மேல சுத்தினார். லாரியில அவர் வெறும் சட்டையோட உட்கார்ந்து வந்தார். போய்ப் பிரிச்சோம். இன்னைக்கு மாதிரியே ஈரம். ஆனா அவ அழலை.”

நான் வேகத்தைக் குறைத்தேன்.

“குளிர்தான் அவளைக் கொண்டுபோயிடுச்சுன்னு ஊரே சொல்லிச்சு. அவரும் அப்படித்தான் நினைச்சார். நான் வாயைத் திறக்கலை. அடுத்தது பையன் பிறந்தான். அவனுக்கு ரெண்டு தோல் போட்டார். அவர் கண் அசந்ததும் நான் ஒண்ணை எடுத்துடுவேன், முழிக்கறதுக்குள்ள திரும்பப் போட்டுடுவேன். அந்தக் குளிர்காலம் பூரா நான் தூங்கலை. போன வருஷம் அவர் சாகக் கிடந்தப்பவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அன்னைக்கு இன்னொரு தோல் எடுத்துட்டுப் போயிருக்கணும்னார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமான்னேன்.”