மஞ்சள் காப்பும் கடைசி ஆட்டமும்

பங்குனியில் ஒரு நாள் மிளகாயைக் களத்தில் காயப் போட்டுவிட்டு மாரியம்மன் கோவிலுக்குப் போயிருந்தேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஓடி வந்து பார்த்தால், மிளகாயை ஒரே குவியலாகக் கூட்டி, தார்ப்பாய் மூடி, பாய் எட்டாத ஓரத்தில் ஒரு பெரிய குடையை விரித்துச் சாய்த்திருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் அந்தப் பச்சை வெள்ளைக் குடை எங்கள் சிக்கல் ஊரில் ஒருவனிடம்தான் உண்டு. உலகம்மாள் மதினியின் மகன் மாரீஸ்வரன். நனைந்துகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறான். பிறகு கேட்டதற்குச் சிரித்தான், அவ்வளவுதான். குடை என்னிடமே தங்கிவிட்டது.

தகப்பன் இல்லாத பிள்ளை. மாமனோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், அங்கே கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குப் பை சுமக்கச் சேர்ந்தான். சுமந்து சுமந்து தானும் ஆடப் பழகி, அதையே தொழிலாக்கிக்கொண்டான். பெரிய போட்டிகளுக்கு ஏற ஆசைப்படுகிறவர்களுக்கென்று சின்னப் போட்டிகள் தனியாக உண்டாம். தை முதல் ஆவணி வரை ஊர் ஊராக நடக்கும். மொத்தக் கணக்கில் முன்னால் வருகிற சிலருக்கு மட்டும் அடுத்த வருடம் பெரிய போட்டியில் இடம். அந்த வருடம் அவன் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டான்.

நடுவில் ஊருக்கு வந்தால் வறண்ட கண்மாய்க்குள் தனியாகப் பந்தடிப்பான். நான் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பேன்.

“ஏப்பா, நீ ஜெயிச்சா கைதட்ட ஆளு இருக்குமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கூட ஆடுற ரெண்டு பேருதான் அத்தை. அவுகளும் அவுக பந்தைத்தான் பாப்பாக.”

ஆட்டம் முடிந்தால் லாட்ஜ் ரூம்தான். மதினி போனில் “சாப்பிட்டியா” என்பாள், அவன் “சாப்பிட்டேன்” என்பான். அந்த விளையாட்டைப் பற்றி அவளுக்குக் கேட்கத் தெரியாது. அவனுக்கும் சொல்லத் தெரியாது.

ஆவணியில் கொல்கத்தாவில் கடைசிப் போட்டி. போகும் முன் அம்மாவைப் பார்க்க வந்தான். மகன் வந்துவிட்டான், ஆட்டமெல்லாம் முடிந்தது என்று மதினி நினைத்துக்கொண்டாள். அவனுக்காக, அவன் கையால் அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். அன்றுதான் காப்புக்கட்டு. குளிக்க வைத்து நேரே கோவிலுக்கு அழைத்து வந்தாள். காப்புக் கட்டியவர்கள் சட்டி இறக்கும்வரை எங்கள் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை.

“ஏலே மாரீஸு,” என்றான் வரிசையில் நின்ற தங்கப்பாண்டி, “பந்தை அடிச்சிட்டு நீயே நடந்து போயித் தேடுவியாமே? அதுக்கு எங்க கிடாயைத் தேடிக் குடுத்தா புண்ணியமாச்சும் கிடைக்கும்லே!”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பூசாரி கூத்தையா மஞ்சள் கயிற்றை எடுத்து, “கையை நீட்டப்பா” என்றார். அவன் அம்மாவைப் பார்த்தான். மதினி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், கையை நீட்டினான்.

நாலைந்து நாள் கழித்துக் கண்மாய்க்குள் அவனைப் பார்த்தேன். பந்தடிக்காமல் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்தான்.

“இன்னைக்குத்தான் அத்தை அங்கன கடைசி ஆட்டம் தொடங்குது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதறிப்போனேன். “முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாப்பா? பூசாரி அவுத்து விட்டிருப்பாரே. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா.”

“ஆத்தா கோவிக்க மாட்டா. எங்கம்மாதான் மனசு ஒடஞ்சிரும். அம்மாகிட்டச் சொல்லிறாதீக.”

சொல்லவில்லை. அவன் சட்டி எடுத்தான். அம்மன் வாசலில் மதினி அழுதுகொண்டே குலவை போட்டாள். பெரிய போட்டிக்கான இடம் யார் யாருக்கோ போனது.

கார்த்திகை மழையில் மதினி காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். நேர்ந்தது நிறைவேறிய நிம்மதியோடு போனாள். அதையாவது சாமி கொடுத்ததே என்று கும்பிட்டுக்கொள்கிறேன். காரியம் முடிந்ததும் மாரீஸ்வரன் வீட்டைப் பூட்டினான். துபாயில் கோல்ஃப் சொல்லித் தரும் வேலையாம். பரமக்குடி பஸ்ஸுக்கு ஒற்றையாக நின்றவனிடம் அந்தக் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

“நீங்களே வச்சுக்கங்க அத்தை. நான் போற ஊர்ல மழையே பெய்யாதாம். மிளகா நனையாமப் பாத்துக்கங்க. வாரேன்.”