இலையோடு நடந்தவர்

என் வீட்டில் போன் கிடையாது. அதனால் தேவராஜ் போய்விட்ட சேதி தாம்பரம் ஸ்டேஷனில்தான் கிடைத்தது. எங்கள் ஆபீஸ் ரங்கன் சொன்னான், விடியற்காலையில் மாரடைப்பாம். "அப்படியா" என்றேன். பீச் வண்டி வந்தது, வழக்கம்போல ஏறி உட்கார்ந்துவிட்டேன். அடுத்த ஸ்டேஷன் சானடோரியம் வந்தபிறகுதான் இறங்கத் தோன்றியது.

அவரோடு பழகியவர்கள் நல்ல மனுஷர் என்பார்கள். நல்ல மனுஷர்தான், ஆனால் மகா பிடிவாதக்காரர். வார நாளில் எனக்குப் பக்கத்து மேஜை. ஞாயிற்றுக்கிழமை முடிச்சூர் பக்கம் அடையாற்றில் தூண்டில் கூட்டாளி. புழு கோத்துக் காத்துக்கிடப்பது எங்களுக்குப் பிடிக்காது. சேவல் இறகு கட்டிய முள்ளை ஆற்றின் குறுக்கே வீசுவோம். ஓட்டம் அதை வளைத்துக் கரைக்குக் கொண்டுவரும். முள்ளுக்கு முன்னால் ஈயக் கம்பி சுற்றிய ஒரு முழ நைலான் நரம்பு கட்ட வேண்டும். ஈயம் குறைந்தால் இறகு மேலாகவே ஓடிவிடும், கூடினால் சேற்றில் மாட்டும். லேசு, நடுத்தரம், கனம் என்று மூன்று நரம்புகளைப் பழைய ரப்பர் செருப்பில் சுற்றி வைத்திருப்பார். எதைக் கட்டுவது என்பதை அவர்தான் சொல்வார்.

சொல்வதற்கு முன், ஓட்டத்தின் வேகம் பார்க்க ஒரு புங்க இலையைத் தண்ணீரில் விட்டு, கரையோடு அதன்கூடவே நடப்பார். மாடு மேய்க்கிறவர் ஒருத்தர் கேட்டேவிட்டார்:

"இன்னா சார், எலய வாக்கிங் இட்டுகினு போறியா?"

"இல்லப்பா, அதுதான் என்னைக் கூட்டிட்டுப் போவுது" என்றார் இவர், சிரிக்காமல்.

ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு அப்படி நடந்தவர், திருப்பம் தாண்டி ஆளையே காணோம். இருவருக்குமான இட்லியையும் நானே தின்றுவிட்டு, எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். வெயில் உச்சிக்கு வந்தபிறகு முழங்கால் சேற்றோடு திரும்பினார். மீன் கடிக்கிற நேரம் போச்சே என்று கத்தினேன். "நம்ம அவசரம் தண்ணிக்குத் தெரியாது சார்" என்று சொல்லி, நடுத்தரத்தைக் கட்டினார். அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

காரியத்தன்று அவர் மனைவி நரம்பு சுற்றிய அந்தச் செருப்பைக் கொண்டுவந்தார். "அண்ணா, உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்கோங்க. மத்தது இங்கயே இருக்கட்டும்" என்றார். நான் அதுவரை அழவில்லை. தைரியமானவர் என்று பேசிக்கொண்டார்கள். தைரியமாவது ஒன்றாவது, மரத்துப்போயிருந்தேன். இனி எதைக் கட்டுவது என்று யார் சொல்வார்கள், இது ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எது சார் என்று கேட்க வாயெடுத்து, மாலை போட்ட படத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

நடுத்தரத்தை எடுத்துக்கொண்டேன். அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான்.

அடுத்த ஞாயிறு ஆற்றுக்குப் போய் ஒரு புங்க இலையை விட்டேன். கூடவே நடந்தேன். அது திருப்பம் தாண்டிப் போனது, நான் நின்றுவிட்டேன். நரம்பைக் கட்டவில்லை. வெயில் உச்சிக்கு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பாதி இட்லியை அவருக்கு வைத்திருந்தேன்.