ட்ரெட்மில்லில் சிக்கிய கையும் எங்கள் காலை ஜெபமும்

பிரியமானவர்களே, இந்தச் சபையில் என்னைப் பாட்டுக்காரியாகத்தான் எல்லோருக்கும் தெரியும். மைக்கைக் கையில் கொடுத்தால் கடைசிச் சரணம் வரை பாடாமல் எஸ்தர் இறங்கமாட்டாள் என்று போதகரே கேலி செய்வார். இன்று நான் பாடவில்லை. என் மகள் ஜெனியின் வலது கை மறுபடியும் விரியுமா என்று தெரியாமல் நாங்கள் தவித்த ஒரு மழைக்காலத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் உள்ளங்கையோடு மடங்கியே நின்றுவிடுமோ என்று நாங்கள் பயந்தோம். அழுதோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

சைனிக்புரிக்கு வருவதற்கு முந்தைய கதை இது. அப்போது இதே நகரத்தில் ஹப்சிகுடாவில் மூன்றாம் மாடி வாடகை வீடு. கொரோனா காலம், கோயிலைப் பூட்டியிருந்தார்கள். மேரி அக்கா சும்மா இருப்பாரா? ஆஸ்பத்திரி வார்டில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். தினமும் காலை ஐந்தரைக்கு எங்கள் எல்லோரையும் போனில் கூட்டிவிடுவார். பாட்டு, வசனம், ஜெபம், அரைமணி நேரம். பாதிப் பேருக்கு மைக்கை அணைக்கத் தெரியாது. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், இன்னொரு வீட்டில் அங்கிள் கொட்டாவி விடுவார், யாரோ ஒருவர் ஆமென் சொல்லிக்கொண்டே இட்லி மாவைக் கலக்குவார். மேரி அக்கா மட்டும் எதற்கும் அசைய மாட்டார். இப்போது கோயில் திறந்தாயிற்று, ஏசி போட்டாயிற்று, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனாலும் அந்த இரைச்சலுக்கு நடுவே ஜெபித்த காலை நேரத்தின் மேல் எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை.

அந்த நாட்களில்தான் வீட்டுக்கு ட்ரெட்மில் வந்தது. கொண்டாப்பூரில் என் வீட்டுக்காரர் சாமுவேலோடு வேலை பார்த்தவர்கள் ஊரோடு போய்விட முடிவு செய்து, அதை எங்கள் தலையில் கட்டினார்கள். லிஃப்டில் நுழையவில்லை. மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு ஏறியதே சாமுவேல் செய்த பெரிய உடற்பயிற்சி. இரண்டு நாள் ஓடினார். அதற்குப் பிறகு அதில் அவருடைய பேன்ட்தான் காய்ந்தது.

சும்மா கிடக்கிறதே என்று நான் எடுத்துக்கொண்டேன். போனைக் கழுத்தில் தொங்கவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, காலை ஜெபத்தை நடந்துகொண்டே முடித்துவிடுவேன். உடம்புக்கும் ஆச்சு, ஆத்துமாவுக்கும் ஆச்சு. மெதுவாகத்தான் வைத்திருப்பேன். ஆனால் ஒரு தொல்லை. அந்த மெஷினில் சிவப்பாக ஒரு சாவி உண்டு. சாவியில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் கிளிப். கிளிப்பை நம் உடையில் மாட்டிக்கொள்ள வேண்டும். தவறி விழுந்தால் கயிறு இழுத்துச் சாவி கழன்று வந்துவிடும், மெஷின் நின்றுவிடும். அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்வேன் என்றால், துதிப் பாட்டு வந்ததும் இரண்டு கையையும் தூக்கிவிடுவேன். உடனே கயிறு இழுத்துக்கொள்ளும், மெஷின் நின்றுவிடும். பாட்டின் நடுவில் நான் தடுமாறுவேன்.

"உன் துதிக்கு மெஷினே அடங்கிப் போகுது பாத்தியா" என்று சாமுவேல் சிரிப்பார்.

"சிரிக்காம அதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றேன்.

பண்ணினார். கயிற்றை வெட்டிவிட்டு, சாவி கழலாதபடி பார்சலுக்கு ஒட்டுகிற அகல டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டார். எனக்கு ரொம்பச் சந்தோஷம். தடையில்லாமல் கையைத் தூக்கித் துதிக்கலாம். வேறு எந்த வீட்டிலாவது இந்தக் காரணத்துக்காக அந்தச் சாவியை ஒட்டியிருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் ஒட்டினோம்.

ஜெனி ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருக்கிற பிள்ளை இல்லை. அன்றைக்கு இடி இடித்து மழை கொட்டியது. எழுந்து தனியாக வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக் கையைத் தூக்கிப் பாடிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால், மெஷினின் ஓடுகிற பட்டை உள்ளே போய்ச் சுற்றுகிற இடத்தில், அவள் உட்கார்ந்து கையை வைத்திருக்கிறாள்.

அவள் அலறியது எனக்குக் கேட்கவில்லை. காதில் பாட்டு நிறைந்திருந்தது. ஆனால் என் மைக் வழியாகப் போனில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது. பாட்டு நின்றது. மேரி அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"எஸ்தர், பாட்ட நிறுத்து. பிள்ள கத்துதா. திரும்பிப் பாரு."

திரும்பினேன். குதித்தேன். பட்டை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, அவள் கையை உள்ளே இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. நிறுத்துகிற பட்டன் நினைவுக்கே வரவில்லை, சாவியைப் பிடுங்கப் போனேன். டேப் விடவில்லை. நகம்தான் பிய்ந்தது. சுவரில் இருந்த ஒயரைப் பிடித்து இழுத்த பிறகுதான் நின்றது. கையை எடுத்தபோது உள்ளங்கையிலும் மூன்று விரலிலும் தோல் இல்லை. இதற்கு மேல் அதைச் சொல்ல என்னால் முடியாது.

சாமுவேல் தூக்கத்திலிருந்து ஓடிவந்தார். காயத்தில் தடவப் பற்பசை எங்கே என்று கத்தினார். போன் இன்னும் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "ஒண்ணும் தடவாதீங்க" என்று மேரி அக்கா சொன்னார். "குழாயத் திறந்து தண்ணியில காட்டு. நான் நிறுத்தச் சொல்லுத வரைக்கும் எடுக்காத. அப்புறம் சுத்தமான துணியில சுத்தி ஆஸ்பத்திரிக்குப் போ." அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். எதிர்வீட்டு ரஹீமா பாஜி நைட்டியோடு ஓடிவந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்து, "ரோ நக்கோ, ரோ நக்கோ" என்றார். அழாதே என்று சொல்லிவிட்டு அவர்தான் அழுதார். மழையில் காரை எடுத்துக்கொண்டு எங்களைக் கூட்டிப்போனதும் அவர்தான்.

டாக்டரம்மா பொறுமைசாலி. உள்ளதை உள்ளபடி சொன்னார். உராய்ந்ததால் வந்த சூட்டுக்காயம், ஆழமாக இருக்கிறது. கொஞ்ச நாள் கட்டுப்போட்டுப் பார்க்கலாம். ஆறவில்லை என்றால் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ஆறினாலும், ஆறுகிற தோல் இறுகி விரல்களை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். வளருகிற பிள்ளை அல்லவா, கை வளர வளர இழுப்பும் கூடும்.

அன்று முதல் எனக்கு ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் ஓடுகிற அந்தப் பட்டைதான் தெரியும். திறந்துவிடுவேன். சின்ன வயதிலிருந்து கண்ணை மூடித்தானே ஜெபித்திருக்கிறேன், திறந்துகொண்டு எப்படி ஜெபிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஊரிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் போன் போட்டு, "எந்தக் காரியத்துல கர்த்தருக்குக் குறை வச்சீங்க?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன். வீட்டுக்குள்ளும் சண்டை. "நீங்கதான ஒட்டுனீங்க" என்றேன். "நீதான ஒட்டச் சொன்ன" என்றார்.

காலை ஐந்தரைக்குப் போன் மட்டும் தவறாமல் வந்தது. நான் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அழுவேன். "எனக்கு ஒண்ணும் சொல்ல வரலக்கா" என்றேன் ஒரு நாள். மேரி அக்கா அதட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. "நீ லைன்ல இரு, போதும். உனக்குப் பதிலா நாங்க கேக்கோம்" என்றார். அன்று எல்லோரும் ஒரே வரியைத்தான் ஜெபித்தார்கள். ஆண்டவரே, அந்தக் கை விரியணும். ஒருவர் மாற்றி ஒருவர் அதையேதான் சொன்னார்கள். எதிர்வீட்டிலும் அதே நேரம் ரஹீமா பாஜி தொழுகையில் கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

காயம் ஆறத் தொடங்கியது. மூன்றாவது வாரம் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டரம்மா, "பரவாலேதம்மா" என்றார். தோல் எடுத்து வைக்கத் தேவையில்லை. அந்த ஒரு தெலுங்குச் சொல்லுக்காக நான் ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அவர் பயந்தபடியே விரல்கள் உள்ளே இழுக்கத் தொடங்கின. விரல்கள் மடங்காமல் இருக்கக் கைக்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி செய்து கொடுத்தார்கள். அதை மாட்டாத நேரத்தில் எண்ணெய் போட்டுத் தடவி, ஒவ்வொரு விரலாக விரித்துப் பிடிக்க வேண்டும். ஜெனி விடமாட்டாள். "நக்கோ மம்மி, நக்கோ" என்று கையை அக்குளில் ஒளித்துக்கொள்வாள்.

இதைக் காலை ஜெபத்தில் சொன்னேன். மறுநாளே ஜெபக்குழு வீடியோவுக்கு மாறியது. காலை ஜெபத்தோடு விட்டுவிடாமல், சாயங்காலமும் யாராவது ஒருவர் ஜெனிக்காக வீடியோவில் வருவார். ஞாயிறு பள்ளியில் கையை ஆட்டி ஆட்டிப் பாடுவோமே, அந்தப் பாட்டுகள்தான். அறுபது வயது அங்கிள் ஒருவர் பட்டாம்பூச்சி மாதிரிக் கையை விரித்துக் காட்டுவார். அவருக்கு ராகமும் வராது, தாளமும் வராது. அவரைப் பார்த்து ஜெனி விழுந்து விழுந்து சிரிப்பாள், அந்த நேரத்தில் நான் விரலைப் பிடித்து நீவுவேன். மாதக்கணக்கில் இது நடந்தது. கர்த்தர் பதில் அனுப்பவில்லையே என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் தினமும் சாயங்காலம் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. ஒரு மாலை நான் அடுப்பங்கரையில் அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். ஜெனி கூடத்தில் இடது கையில் ஒரு முறுக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தடவிவிடுகிற நேரம் என்பதால் வலது கையில் தாங்கி இல்லை. சாமுவேல் குனிந்து அவள் முறுக்கை ஒரு கடி கடித்துவிட்டார். பளார் என்று ஒரு சத்தம் கேட்டது.

"எஸ்தரு, இங்க வா" என்றார் சாமுவேல். குரல் ஒரு மாதிரி இருந்தது. "வந்து என் கன்னத்தப் பாரு."

போய்ப் பார்த்தேன். மாவு ஒட்டிய கையோடு குனிந்து பார்த்தேன். சிவந்த கன்னத்தில் விரல்கள் தனித்தனியாகப் பதிந்திருந்தன. சுண்டுவிரல் வரைக்கும் இருந்தது. மடங்கிய கையால் அப்படி அடிக்க முடியாது. அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "இன்னொண்ணு போடு தாயி" என்று மறு கன்னத்தையும் திருப்பிக் காட்டினார். வேதத்தில் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது இவர் முகம்தான் வரும். அப்பா அழுவதைப் பார்த்து ஜெனி பயந்துவிட்டாள். "நக்கோ டாடி" என்று பின்னால் நகர்ந்தாள். அந்தக் கையைப் பிடித்துத் தரையில் வைத்தேன். தட்டையாக உட்கார்ந்தது. நாங்கள் மூவரும் அப்படியே தரையில் கிடந்து அழுதோம், சிரித்தோம். எண்ணெயில் கிடந்த முறுக்கு கருகியே போனது.

இப்போது ஜெனி நாலாம் வகுப்பு. அந்தக் கையால்தான் எழுதுகிறாள், கேரம் ஆடி அப்பாவைத் தோற்கடிக்கிறாள். உள்ளங்கையில் மினுமினுப்பாக ஒரு தழும்பு இருக்கிறது. நான் அதைத் தடவினால், "மம்மி, இட்ஸ் ஜஸ்ட் அ மார்க்" என்று இழுத்துக்கொள்வாள். மேரி அக்கா மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். பட்டாம்பூச்சி அங்கிள் கர்த்தரிடம் போய்விட்டார். அந்தக் குழு இப்போது இல்லை. அந்த அங்கிளின் ராகமில்லாத பாட்டை இன்னொரு முறை கேட்க முடியாதா என்று சில சாயங்காலங்களில் மனசு ஏங்கும்.

அதிலிருந்து, வீட்டு ஜெபத்துக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் மூலையில் இருக்கிற உடற்பயிற்சி மெஷினைத்தான் முதலில் என் கண் தேடும். எல்லோரும் என்னை இன்ஸ்பெக்டர் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நடந்து முடித்ததும் சாவியைக் கழற்றிப் பீரோ மேல் வையுங்கள், ஒயரையும் பிடுங்கிவிடுங்கள். சின்னப் பிள்ளை உள்ளே வர முடியாதபடி அறைக் கதவைச் சாத்திவிட்டு ஏறுங்கள். காதை அடைத்துக்கொண்டு ஏறாதீர்கள். சைக்கிள் மெஷினின் சக்கரமும், அலமாரி விளிம்பில் இருக்கிற டம்பெல்லும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தெரியும். ஜெபிக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொண்டே ஜெபியுங்கள். நான் இன்றுவரை கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபிக்கிறேன், கர்த்தர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

இங்கே யாராவது ஒருவருக்கு இன்று ஜெபம் வராமல் இருக்கலாம். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கலாம், அல்லது வெளியே சொல்ல முடியாத வேறு ஒன்றாக இருக்கலாம். ஜெபம் வரவில்லையே என்று கோயிலுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். வந்து எங்கள் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் அழுதால் போதும், மிச்சத்தை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.