மெல்லத் திறக்கவும்

முப்பதுகளில், பேசும் படம் வந்த புதிதில், அடையாற்றங்கரையில் ஒரு முதலாளி படச்சுருள் வைக்கக் கிடங்கு கட்டினார். அந்தக் காலத்துப் படச்சுருள் ஒரு பீடி நெருப்புக்கே குப்பென்று பற்றிக்கொள்ளும். அதனால் கூரைக்கடியில் துளையிட்ட இரும்புக் குழாய் ஓட்டி, மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் விட ஏற்பாடு. தீப்பிடித்தால் கீழே இருக்கும் வால்வைத் திறக்க வேண்டியது, அறை முழுக்க மழை பெய்யும். குழாயைத் தாங்கும் கொக்கிகளுக்குக் கணக்குப் போட்டவன் நான். கணக்கில் புலி என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு.

குழாயின் எடை, அதில் நிற்கும் தண்ணீரின் எடை, மேலே கொஞ்சம் தாராளம். அவ்வளவுதான் என் கணக்கு. குழாய் மாட்டியவர் மீர்சாகிப்பேட்டை பாய் ஒருவர், என் வயதுதான். கிடங்குக் கோடியில் குழாய் திரும்பும் வளைவைக் காட்டி அவர் கேட்டார்:

“அய்யரே, காலிக் கொழாய்ல தண்ணி பாஞ்சு வந்து இங்க முட்டுமே. கொக்கி பாரத்தைத் தூக்கிக்கினு நிக்கும், சரி. தள்றத எது தாங்கும்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மெல்லத் திறந்தால் முட்டாது என்றேன். தீப்பிடித்தால் எவன் மெல்லத் திறப்பான் என்று திருப்பிக் கேட்டார். நான் வரைபடத்தின் ஓரத்தில் ‘வால்வை மெல்லத் திறக்கவும்’ என்று எழுதிவிட்டு மயிலாப்பூருக்குச் சைக்கிளை மிதித்தேன்.

சுருள்கள் வந்து சேருமுன் வெள்ளோட்டம் பார்க்க முதலாளி முகூர்த்தம் குறித்துவிட்டார். காலை ஒன்பது அடிக்கும்போது தண்ணீர் விழவேண்டும், ஒரு நிமிஷம் பிந்தக் கூடாது. முதல் தண்ணீர் தலையில் பட்டால் நல்லதென்று அவரும் மனைவியும் வேலையாட்கள் அத்தனை பேரும் நனையத் தயாராக நின்றார்கள். சுவாமி படத்தைக் கோடிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாரும் அதன் முன்னால் கூடினார்கள். அதாவது, அந்த வளைவுக்கு நேர் கீழே.

வளைவு கொக்கியைவிட்டு நழுவினால் கீழே நிற்பவர் மண்டை மிஞ்சாது. கொஞ்சம் தள்ளி நிற்கலாமே என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். ஏன், உம்ம குழாய் விழுந்துவிடுமா என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் வேலை போய்விடும். வெட்கம் தாளாமல் நானும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

வால்வருகே பாய் நின்றார். கற்பூரம் ஏற்றினார்கள். கடிகாரம் அடிக்கத் தொடங்கியதும் முதலாளி கையை உயர்த்தி, ஒரேயடியாகத் திற என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

தண்ணீர் வரவில்லை. வால்வின் சக்கரம் கால் சுற்று, நின்று, இன்னொரு கால் சுற்று என்று திரும்பிக்கொண்டிருந்தது. துளைகளில் காற்று சீறியது. முதலாளி கத்தினார். பாய் காது கேளாதவர்போல இருந்தார். தலைக்கு மேல் வளைவு ஒருமுறை முனகி அசைந்தது. கொக்கி கிறீச்சிட, என் கழுத்து தானாகச் சுருங்கியது. முதல் சொட்டு விழுந்தபோது ஒன்பது அடித்து ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. கற்பூரம் எப்போதோ எரிந்து தீர்ந்திருந்தது.

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. மெல்லத் திறக்கச் சொன்னது யார் என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். நான் நனைந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். இதை எழுதும்போதுகூட அந்தக் கண்ணாடியை நினைத்தால் கூசுகிறது.

“யாரும் சொல்லல மொதலாளி,” என்றார் பாய். “எனக்குத்தான் பயமா இருந்திச்சி.”

அங்கேயே அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். தன் குழாய்க் குறட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் போனார்.

அன்று மத்தியானம் உட்கார்ந்து, பாய்ந்து வரும் தண்ணீர் வளைவைத் தள்ளும் விசையைக் கணக்கிட்டேன். கொக்கி தாங்கக்கூடியதைப்போல மூன்று மடங்கு வந்தது. மறுநாளே வளைவைச் சுவரோடு சேர்த்து இரும்புப் பட்டை போட்டு இறுக்க வைத்தேன். என்னய்யா முன்யோசனை என்று முதலாளி முதுகில் தட்டினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.