குளத்துப் பக்க வேலி

கமலாசனி போட்ட முடிச்சை அவிழ்ப்பதென்றால் கமலாசனியே வரவேண்டும். யாழ்ப்பாணத்தில் அவள் பிறந்த ஊரான கைதடியில் அப்படித்தான் சொல்லுவார்கள். ஒரு முழ எல்லைக்காக ஒன்பது வருடம் வழக்காடிய தகப்பனின் மகள் அவள். அடைப்பில்லாத வீட்டு வளவும் உடுப்பில்லாத உடம்பும் ஒன்று என்பதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

கணவன் சிற்றம்பலத்துக்கு வன்னிக் காட்டோரத்து அக்கராயன் குடியேற்றத்தில் காணி கிடைத்து, அங்கே வந்து மூன்றாம் வருடம், 1961 ஆவணியில், இருவரும் வளவை அடைக்கத் தொடங்கினார்கள். ஊர் வழக்கப்படி ஒழுங்கைப் பக்கம்தான் முதலில். நாலு பேர் நடந்து போகிற மண்பாதைப் பக்கம் அது. ஒழுங்கைக்கு அப்பால் குளம். பின்பக்கம் வெறுங்காடு, அதைத் திறந்தபடியே விட்டார்கள், அங்கிருந்து யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? சிற்றம்பலம் வெளியே நின்று குத்தூசியால் நாரைப் பின்னிய தென்னோலைக் கிடுகுக்குள் செலுத்த, அவள் உள்ளே நின்று இழுத்து முடிந்தாள். முடிச்சு உள்பக்கம் இருந்தால்தான் தெருவால் போகிறவன் கைவைக்க மாட்டான்.

வன்னியிலேயே பிறந்து நரைத்த வீரகத்தி என்ற கிழவர் ஒழுங்கையில் சைக்கிளை நிறுத்தினார்.

"பிள்ளை, உதிலை ஒரு பன்னிரண்டடி விடு. பெரியவர் குளத்துக்குப் போற பாதை."

"ஆர் பெரியவர்?"

காட்டோரத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லமாட்டார். கையைத் தும்பிக்கை போல வளைத்துக் காட்டினார்.

"வேலியிலை ஓட்டை விட்டால் எங்கடை ஊரிலை சிரிப்பினம் அண்ணை."

"உங்கடை ஊரிலை வேலிக்கு மனுசர்தானே வாறது. பின்னாலை திறந்து முன்னாலை அடைச்சால் அது வேலியில்லை, மீன் பிடிக்கிற பறி. உள்ளுக்கு வந்தது போக வழியில்லாமல் வீட்டுப் பக்கம் திரும்பும். அந்த நேரம் தகரத்தைத் தட்டிக் கலைக்க மட்டும் பாராதை."

அவர் போனதும் சிற்றம்பலம் மெல்லக் கேட்டான். "கொஞ்சம் விடுவமோ?"

"விட்டிட்டு, நீங்களே அதிலை படலையாய் நில்லுங்கோ," என்றாள்.

அன்று மாலைக்குள் அந்தப் பன்னிரண்டடியும் அடைபட்டது. அணில்கூட உள்ளே பார்க்க முடியாது என்று அவளுக்குப் பெருமை.

பத்து நாள் கழித்து ஒரு நாள், பொழுது சாய்ந்து இருளும் மம்மல் நேரம். சிற்றம்பலம் கிளிநொச்சிக்குப் போயிருந்தான். எட்டு மாதக் குழந்தை அருந்ததி வீட்டுக்குள் ஏணைத் தொட்டிலில் உறங்கினாள். எழும்புவதற்குள் வந்துவிடலாமென்று கமலாசனி வாளியோடு ஒழுங்கைக் கிணற்றுக்குப் போனாள்.

திரும்பி வந்தவள் படலைக் கதவில் கை வைத்தபோது உள்ளேயிருந்து ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. மாட்டின் மூச்சு அவ்வளவு நீளமாக இராது. கிடுகுக்கு மேலால் ஒரு முதுகு தெரிந்தது. படலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அது நின்றது. அதன் காலடியில் இன்னொன்று, சின்னது, சிணுங்கியது.

கன்றோடு வந்திருக்கிறது.

முட்டினால் விழுகிற வேலிதான். ஆனால் அதுவும் பழைய பாதையை நம்பி வந்தது. வழியில் புதிதாக முளைத்திருந்ததைத் தும்பிக்கையால் தடவித் தடவிப் பார்த்தது. கிடுகு சரசரத்தது. கமலாசனி வேலியில் முகத்தைப் பதித்தாள். உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க ஓர் ஓட்டை தேடினாள். அவள் அடைத்த வேலியில் ஓட்டை இல்லை.

அப்போது குழந்தை அழத் தொடங்கியது.

முதுகு வீட்டுப் பக்கம் திரும்பியது.

வாளியை ஓங்கிவிட்டாள். தட்டினால் ஓடும், கத்தினால் ஓடும், வேலிக்குள் வந்ததைக் கலைக்கத்தான் வேண்டும். கை ஓங்கியபடியே நின்றது. எங்கே ஓடும்? குளத்துப் பக்கம் அடைப்பு, மற்றப் பக்கம் வீடு. பறி என்று கிழவர் சொன்னது நெஞ்சில் குத்தியது. வாளியைச் சத்தமில்லாமல் இறக்கி, தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு, வேலியோரமாகப் பழைய பாதை இருந்த இடத்துக்குப் போனாள்.

வெளிப்பக்கம் நார் மட்டும்தான் இருந்தது. முடிச்செல்லாம் உள்ளே. வாளியின் துருப்பிடித்த விளிம்பால் நாரை அறுத்தாள். அறாததைப் பல்லால் கடித்தாள். எத்தனை கட்டு. ஏன் இத்தனை கட்டுக் கட்டினேன் என்று மனம் அலறியது, வாய் திறக்கவில்லை. அழுகை ஒருமுறை நின்றது. அவள் உயிரும் அதோடு நின்றது. பிறகு மறுபடி அழுகை கேட்டது. கிடுகுகளைப் பிய்த்து ஒழுங்கையில் இழுத்துப் போட்டாள். வேர் பிடிக்காத கதியால் தடிகளை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். ஐந்தாவது கதியால் சாய்ந்தபோது குளத்துக் காற்று உள்ளே போனது.

தும்பிக்கை ஒன்று வெளியே நீண்டு அந்தக் காற்றைப் பிடித்தது. அவள் கிடுகுக் குவியலின் பின்னால் மண்ணோடு மண்ணாகக் கிடந்தாள். பெரிய கால்களும் சின்னக் கால்களும் அவள் தலைமாட்டால் கடந்து, அவசரமில்லாமல் குளத்துக்குப் போயின.

ஏணை குலையாமல் தொங்கியது. வாசல் தாழ்வாரத்தில் ஒரு மரத்தூண் முறிந்திருந்தது, அவ்வளவுதான்.

சிற்றம்பலம் வந்தபோது அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு குசினி அடுப்பு மூலையில் இருந்தாள்.

"வேலியை ஆர் பிரிச்சது?"

நகம் பிய்ந்த விரல்களைக் காட்டினாள். நடந்ததைக் கேட்ட பிறகு அவன் சொன்னான்.

"பயப்பிடாதையும். நாளைக்கு இன்னும் பலமாய் அடைப்பம்."

"வேண்டாம். அந்தப் பன்னிரண்டடியை விடுங்கோ."

"ஊரிலை சிரிப்பினம் எண்டு சொன்னனீர்."

"சிரிக்கிறவை ஒருக்கா இஞ்சை வந்து மம்மலிலை தண்ணி அள்ளட்டும்."

அதன் பிறகும் அவளுக்குப் பயம் போகவில்லை. பொழுதுபட்டால் பிள்ளையை இடுப்பில் வைக்காமல் கிணற்றுக்குப் போகமாட்டாள். இடைவெளியின் இரு பக்கமும் மிஞ்சிய வேலியை ஒரு கிழமை முழுக்க இருந்து அவளே பிரித்துக் கட்டினாள், முடிச்சுகளை வெளிப்பக்கம் வைத்து. தெருவால் போகிற யாரும் அவிழ்க்கலாம்.