பதினோரு மணி வளையம்

கடையின் பின்னறையில், கைகழுவும் தொட்டிக்கு மேலே குனிந்து, நனைத்துப் பிழிந்த துவாலையைக் கண்களின் மேல் ஒத்திக்கொண்டிருப்பாள். ஷட்டரைத் தூக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கும். துவாலையை எடுத்துவிட்டு நிலைக்கண்ணாடியில் பார்ப்பாள். இரண்டு கண்களையும் சுற்றி இரண்டு வளையங்கள், ஈர டம்ளரை மேசையில் வைத்து எடுத்த தடம் மாதிரி அச்சாக இருக்கும். "போகவே மாட்டேங்குதே சனியன்" என்று முணுமுணுத்துவிட்டு, துவாலையை மறுபடி நனைப்பாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. வயது நாற்பத்தாறு. முதலாளியிலிருந்து கூட்டிப் பெருக்குபவர் வரை எல்லோருக்கும் அவள் 'பிரேம் அக்கா'. லென்ஸை இயந்திரம் வெட்டிவிடும். அதை ஒரு முகத்தில் உட்கார வைப்பது அவள் பாடு. வாடிக்கையாளர் வாசலைத் தாண்டும்போதே அவள் பார்வை அவர் மூக்கின் இரண்டு பக்கமும் போய்விடும். சிவப்பாகப் பள்ளம் விழுந்திருந்தால் அவளுக்குப் பொறுக்காது. "யார் சார் இதை மாட்டிவிட்டது? மூக்கு அழுவுது பாருங்க" என்று கழற்றி வாங்கி, பிரேமின் காதுக்கம்பியைச் சூட்டுக்காற்றில் காட்டி, கட்டைவிரலால் ஒரு நெளி நெளித்து மாட்டிவிடுவாள். "குனிங்க. தலையை ஆட்டுங்க. எங்க, ஒரு தும்மல் போடுங்க" என்பாள். தும்மல் வராதவர்களும் அவளுக்குப் பயந்து ஒன்று போட்டுவைப்பார்கள்.

நீச்சல், கழுத்து வலிக்காக வந்தது. நாளெல்லாம் குனிந்து, கடுகளவு திருகாணிகளை முடுக்கி முடுக்கிக் கழுத்து பிடித்துக்கொண்டது. மருத்துவர் நீந்தச் சொன்னார். நாற்பத்து நான்கு வயதில், ஏழு வயதுப் பிள்ளைகளோடு ஆழமில்லாத பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தாள். மூன்று மாதத்தில் வலி போய்விட்டது. அவள் போவது நிற்கவில்லை. காலை ஆறிலிருந்து ஏழு வரை, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நாற்பது தடவை. வீட்டில் மாமியார், இரண்டு மகன்கள், கணவர் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி இருப்பார்கள். "காதுல தண்ணி இருக்கற வரைக்கும் என்னை ஒருத்தரும் கூப்பிட முடியாது பாரு" என்பாள், ஏதோ சொத்து கிடைத்த மாதிரி.

வளையத்தை விரட்ட அவள் செய்யாதது இல்லை. நீச்சல் கண்ணாடியின் பட்டையைத் தளர்த்திப் பார்த்தாள். தண்ணீர் உள்ளே புகுந்து கண் சிவந்ததுதான் மிச்சம். வளையத்தோடு அழுத முகமும் சேர்ந்துகொண்டது. பாதி முகத்தை மூடும்படி பெரிதாக ஒன்றை வாங்கினாள். தடம் நெற்றிக்கு ஏறியது. "லாரியில மோதின மாதிரி இருக்கு" என்றார் கணவர். மெத்தென்ற சிலிக்கான் விளிம்பு வைத்தது மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டியது. மதியச் சாப்பாடு வரை நின்ற வளையம் பதினோரு மணிக்கே விடைபெற ஆரம்பித்தது. "வயசாச்சில்ல, தோல் முன்ன மாதிரி எழும்பாது" என்றார் மருந்துக்கடைக்காரர். "உங்க தோல் மட்டும் துள்ளிக் குதிக்குதாக்கும்" என்று சொல்லிவிட்டு, களிம்பு வாங்காமலே வந்துவிட்டாள்.

யார் கேட்டாலும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். உண்மை எடுபடவில்லை. முக்கியமாக, கண் பரிசோதனை அறையில் போன வருடம் வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடம். கடையில் அவளுக்குப் பெயர் 'குட்டி டாக்டர்'.

"அக்கா, கண்ணைச் சுத்தி என்ன?"

"நீச்சல்."

"எங்கிட்டயாவது நிஜத்தைச் சொல்லுங்க."

"நிஜந்தான். நீச்சல்."

"எங்க சித்தியும் ஆறு வருஷம் வழுக்கி விழுந்துட்டேன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, குட்டி டாக்டர் கண் கலங்க உள்ளே போய்விட்டாள்.

அதோடு விட்டாளா என்றால் இல்லை. ஒரு நாள் சாயங்காலம், மனைவியைக் கூட்டிப்போக ஸ்கூட்டரோடு வெளியே நின்றிருந்த கணவரிடம் நேரே போனாள். அவர் லிப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"சார், அக்காவுக்குக் கேக்க ஆள் இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. நாங்க இருக்கோம்."

"நல்லது" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

"அந்தத் தடமெல்லாம் எப்படி வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும்."

"நீச்சல்..."

"அவங்களும் அதையேதான் சொல்றாங்க. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க!"

அன்று அவர் சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "நான் உன்னை அடிக்கிறேனாம்" என்றார். அவள் குபீரென்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவளுடைய சிரிப்பும் நின்றது. "கொஞ்ச நாள் போகாம இரேன். பேச்சு அடங்கட்டும்" என்றார்.

ஒன்பது நாள் போகவில்லை. ஐந்து மணிக்கே விழிப்பு வந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மாமியார் கூப்பிட்டார், மகன்கள் கூப்பிட்டார்கள், குக்கர் கூப்பிட்டது. கழுத்து மெல்ல இறுகத் தொடங்கியது. பத்தாம் நாள், வளையமில்லாத அவள் முகத்தை ஆசையாகப் பார்த்து, குட்டி டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களாக்கா, ஒரு வார்த்தை கேட்டதும் அடங்கிட்டாரு!"

இதை அவள் சொல்லக் கேட்ட கணவர் ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டினார். "நீ போ. போகாம இருந்தாத்தான் நான் அடிச்சவனாயிடறேன்" என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் பிரேம் அக்கா குட்டி டாக்டரை விடிகாலையில் நீச்சல் குளத்துக்கே வரவழைத்தாள். "அந்தப் பலகையில உக்காரு. எண்ணு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். நாற்பது முடிந்ததும் படியேறி வந்து, நீர் சொட்டச் சொட்ட அவள் எதிரே நின்று, நீச்சல் கண்ணாடியைக் கழற்றினாள். புத்தம்புது வளையங்கள் இரண்டு. குட்டி டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றே அக்காவின் கணவரிடம் மன்னிப்பும் கேட்டாள். அவர் "பரவாயில்லம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். பிரேம் அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை. பத்தொன்பது வருடத்தில் தன்னிடம் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்திப் பேசாத மனிதரை நடுத்தெருவில் நிற்க வைத்தவள் இவள் என்ற குறை உள்ளே கிடந்தது. அதன் பிறகு கடையில் அவளுக்கும் குட்டி டாக்டருக்கும் பேச்சு என்றால் பவர் பேச்சு மட்டுந்தான். "இடது மைனஸ் ரெண்டு." "சரி." ஒரு மாதம் இப்படியே ஓடியது.

போன வாரம், காலை பத்து மணி. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். கடையிலேயே பெரிய, கறுத்த குளிர்கண்ணாடி வேண்டும் என்றாள். அளவு பார்க்க, போட்டிருந்ததைக் கழற்றியாக வேண்டும். நாலு தடவை கேட்ட பிறகு கழற்றினாள். வலது கண் பளிச்சென்று இருந்தது. இடது கண்ணின் கீழே நீலம் பாய்ந்து, ஓரத்தில் மஞ்சள் தட்டியிருந்தது.

அந்தப் பெண் பிரேம் அக்காவின் முகத்தையே பார்த்தாள். இன்னும் மறையாத இரண்டு வளையங்களைப் பார்த்தாள். "நீச்சல்" என்றாள் பிரேம் அக்கா, வழக்கம்போல. "நானும் நீச்சலுக்குப் போறேன்" என்றாள் அவசரமாக.

"அப்படியா" என்றாள் பிரேம் அக்கா. கையிலிருந்த பிரேமை மெத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் பரிசோதனை அறையின் கதவு வரை போனாள்.

"ஏய், இங்க கொஞ்சம் வாயேன்" என்றாள். குரல் கனிந்திருந்தது. "உன்னாலதான் முடியும்."

பிறகு தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அந்தப் பெண்ணின் நாற்காலிக்கு நெருக்கமாகப் போட்டுக் குட்டி டாக்டரை அதில் உட்காரவைத்தாள். வாசலில் வேறு யாரோ நுழைகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. கடைக்கு முதுகைக் காட்டி, புடவைத் தலைப்பை அகல விரித்து இடுப்பில் கை ஊன்றி, அந்த இருவரையும் மறைத்துக்கொண்டு நின்றாள்.