பச்சை என்று நான் எழுதிய காளான்

அந்தக் காளானை நான் ஒரே ஒரு தடவைதான் பச்சையாகப் பார்த்தேன். பச்சையாக என்றால் பறித்து வாடாத நிலையில். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனிதரை நான் கெடுத்தேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிது. நான் மலாக்காவில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை, காஜா பெராங்கில் வாடகை வீடு. பக்கத்து வீட்டுக்காரர் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து குடியேறிய தமிழர் வழி. என்னைவிட ஒழுங்காகக் கோயிலுக்குப் போவார், நெற்றியில் திருநீறு இருக்கும், தமிழ் மட்டும் வராது. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மலாயில்தான். நான் அவரை அபாங் என்பேன், அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னைச் சிக்கு என்பார். மலாயில் அது ஆசிரியை. தமிழில் அது தலைமுடிச் சமாச்சாரம் என்று நான் அவருக்குச் சொன்னதில்லை.

அவருக்கு வனத்துறையில் வேலை. ஊருக்கு வெளியே சோதனைக்காகப் பைன் மரங்கள் நட்டிருந்தார்கள். பழைய பைன் காட்டு மண்ணைக் கொஞ்சம் கலக்காவிட்டால் கன்றுகள் பிழைக்காதாம். அப்படி மலையிலிருந்து வந்த மண்ணோடு ஒரு சின்னக் காளானும் வந்து முளைத்திருந்தது. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. ஆராய்ச்சி நிலையத்தில் மாதிரி சேகரிப்பவர் இடம் காலியாகியிருந்தது. காளானைச் சரியாக விவரித்துச் சிங்கப்பூரில் இருந்த நிபுணருக்கு அனுப்பு, அவர் மெச்சினால் அந்த இடம் உனக்கு என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். அபாங்குக்கு ஆங்கிலம் எழுத வராது. எனக்கு எழுதவும் வரும், வரையவும் வரும். இரண்டிலும் தலைக்கனமும் உண்டு.

ஒரு சனிக்கிழமை காலை வாழையிலையில் சுற்றி மூன்று காளான் கொண்டுவந்தார். குடை இரண்டு விரல் அகலம், வெளிர் பழுப்பு. அடியில் மடிப்புகளுக்குப் பதிலாகப் பஞ்சில் இருப்பதுபோல் துளைகள், தேய்த்து வைத்த செம்புப் பாத்திரத்தின் நிறத்தில். காம்பின் அடியைக் கீறினால் நல்ல மஞ்சள். துளைகளை நகத்தால் அழுத்திவிட்டு அவர் காத்திருந்தார். சில காளான்களைப்போல் அது நீலமாக மாறவில்லை.

"அதையும் எழுதுங்க, சிக்கு. மாறலைங்கிறதும் ஒரு அடையாளம்தான்."

ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "பெடாஸ். மிளகு மாதிரி உறைக்குது." நானும் வைத்துப் பார்த்தேன். காரம் மெல்லத்தான் ஏறியது, ஏறியபின் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்துகொண்டது.

அவசரத்துக்கு எனக்குத் தமிழ்தான் கைகொடுக்கும். குறிப்பேட்டில் கிறுக்கினேன்: துளைகள் பச்சை, செம்பு. பச்சையாக இருக்கும்போது செம்பு நிறம் என்று பொருள். காய்ந்த பிறகு என்ன நிறம் என்பதைப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருந்தேன்.

பிறகு பள்ளியில் விளையாட்டு விழா வந்தது, விடைத்தாள்கள் வந்தன. மூன்று வாரம் போனது. "அனுப்பணுமே, சிக்கு" என்று அபாங் வேலியோரம் இரண்டாம் முறை கேட்டதும் எனக்கு எரிச்சல். அன்றைக்கே குறிப்பேட்டைத் திறந்து உட்கார்ந்தேன். காளான்கள் வற்றல்போல் சுருங்கிக் கறுத்திருந்தன. பச்சை, செம்பு. களிம்பேறிய செம்பின் பச்சை என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஆங்கில வாக்கியம் எனக்கே பிடித்துப்போய் இரண்டு முறை வாய்விட்டு வாசித்தேன். படத்திலும் துளைகளுக்குப் பச்சை பூசினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்காமலே காய்ந்த காளானையும் உள்ளே வைத்து உறையை ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

பதில் அபாங்கின் அலுவலகத்துக்கு வந்தது. உறைப்பும் பச்சைத் துளையும் சேர்ந்த இப்படியொரு காளானைத் தாம் அறியவில்லை, காய்ந்த மாதிரியிலும் பச்சைக்குச் சுவடில்லை, அனுப்பியவர் இதை நேரில்தான் பார்த்தாரா என்று நிபுணர் கேட்டிருந்தார். மேலதிகாரி அதை எல்லார் முன்னாலும் வாசித்தாராம். இடம் வேறொருவருக்குப் போனது.

அபாங் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். கத்தியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அவர் கத்தவில்லை.

"சிக்கு, நான் ஹிஜாவ்னா சொன்னேன்?"

மலாயில் ஹிஜாவ் என்றால் பச்சை, வெறும் நிறம் மட்டும். வாடாத காளானை யாரும் ஹிஜாவ் என்று சொல்லமாட்டார்கள். குறிப்பேட்டைப் பிரித்ததும் நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதும் அதே கணத்தில் ஞாபகம் வந்தது, வெட்கக்கேடு. பச்சை என்ற சொல்லின் கீழ் விரலை வைத்துக் காட்டினேன்.

"ஹிஜாவ்னு இங்க எழுதியிருக்கு பாருங்க, அபாங். நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

அவர் குனிந்து, படிக்க முடியாத அந்த எழுத்தை வெகுநேரம் பார்த்தார். சில ஆண்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியுமாம், ஆபீசில் சொல்கிறார்கள் என்றார். "என் கண்ணுலதான் கோளாறு போல. உங்களுக்கு வேற வீண் சிரமம்." என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவர் எனக்கு எந்தக் காளானையும் கொண்டுவரவில்லை. நானும் வேலிப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம் பண்டார் ஹிலிரில் ஒரு ஜவுளிக்கடையில் அவரிடம் மாட்டிக்கொண்டேன். மேசைமேல் இரண்டு துணிகளை விரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. நல்ல பகல் வெளிச்சம்.

"நல்லவேளை வந்தீங்க, சிக்கு. வீட்டுல பச்சை கேட்டாங்க. இதுல எது பச்சை?"

அவர் கை பச்சைத் துணியின் மேல்தான் இருந்தது. நான் தலையாட்டும்வரை அவர் அதை எடுக்கவில்லை.